தெரசம்மாள் பிரித்த குடும்பங்கள்

1976-இல் தேயிலைக் கொழுந்தில் புழு விழுந்ததும், தோட்டத்தை நடத்திய துரை, தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குப் பின்னாலிருந்த காய்கறிப் பாத்திகள் மேல்தான் பழியைப் போட்டார். தோட்ட எழுத்தரான கிராணி தங்கராஜு வாசல் வாசலாக வந்தார். "உங்க கோஸ்ல இருக்கிற புழுதான் தேயிலைக்கு ஏறுது. ஞாயித்துக்கிழமை எல்லாத்தையும் பிடுங்கிடுவோம்."

கொழுந்து பறிக்கும் தெரசம்மாளுக்குப் பாதி அடுப்பு எரிவதே அந்தப் பாத்தியால்தான். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். ஆனால் பார்த்ததை மறக்காத கண். கோஸ் புழு இலையைச் சல்லடையாக்கும். இதுவோ இலையைச் சுருட்டி, நூலால் தைத்து, உள்ளே குடியிருந்தது.

"ரெண்டும் வேற வேற இனம், ஐயா. பச்சையா இருந்தா எல்லாம் ஒண்ணாயிடுமா?"

"அப்போ தொரைகிட்ட போய்ச் சொல்லு லா!" அந்த ஊர்ப் பேச்சின் 'லா'வோடு கிராணி சிரித்தார்.

சொல்லத்தான் போகிறேன் என்று தீர்மானித்துவிட்டாள். மைலோ டின்களில் தேயிலைப் புழுக்களைப் போட்டு கோஸ் இலை வைத்தாள். தொடவில்லை. கடுகுக்கீரை, முள்ளங்கி இலை, எதையும் தொடாமல் புழு வாடியது. அப்போதுதான் ஓடைக்கரையில் கத்தி படாமல் வளர்ந்த தேயிலைச் செடியின் பூ ஞாபகத்துக்கு வந்தது. நடுவில் மஞ்சள் இழைகள் கொத்தாக நிற்கும். துரை பங்களா வேலியில் சிவப்பாகப் பூக்கும் கமேலியாவுக்கும் அதே கொத்து. கோஸ், கடுகு, முள்ளங்கி மூன்றுக்குமோ சிலுவை மாதிரி நாலே இதழ்.

"இலை ஏமாத்தும். பூவைப் பார்த்தாத்தான் யாருக்கு யார் பங்காளின்னு தெரியும்" என்றாள் கணவனிடம்.

சூசைமுத்து தடுத்தான். "தொரை வேலியில கை வச்சா வேலை போயிடும், தெரசா."

"போனா போகட்டும்."

பட்டப்பகலில் போய் ஒரு கிளையை ஒடித்து வந்தாள். சாயங்காலத்துக்குள் புழு கமேலியா இலையைத் தின்று, சுருட்டி, உள்ளே படுத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு ஆட்கள் வந்தபோது, பாத்திக்கு நடுவே டின்களோடு நின்றாள். துரையும் வந்தார், புழுவைப் பார்ப்பதற்காகத் தானா ராத்தா பட்டணத்திலிருந்து வந்திருந்த விவசாய அதிகாரியும் கூடவே வந்தார்.

"என் கமேலியாவை யாரைக் கேட்டு ஒடிச்ச?"

"அதுக்கு என்னை அப்புறமா திட்டிக்குங்க, தொரை. மொதல்ல இதைப் பாருங்க. தேயிலைப் புழு கோஸைத் தொடல, உங்க கமேலியாவைத்தான் தின்னுது."

அதிகாரி பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார். "இந்தம்மா சொல்றது சரி. பூவையும் காயையும் வச்சுத்தான் நாங்களும் இனம் பிரிக்கிறோம். தேயிலையும் கமேலியாவும் ஒரே மூதாதையோட வழியில வந்தது. கோஸ் வேற வம்சம். மருந்து அடிக்கிறதுன்னா பங்களா வேலியையும் சேர்த்து அடிக்கணும்."

பாத்திகள் தப்பின. ஆனால் மறுநாளே கொழுந்துக் கூடையைப் பிடுங்கிக்கொண்டு, செங்குத்துச் சரிவில் களை பிடுங்க அவளை அனுப்பினார்கள். "ஒரு மன்னிப்பு கேட்டுடு, திரும்பக் கொழுந்து பறிக்க எடுத்துக்கறேன்" என்றார் கிராணி.

"எதுக்கு? சரியா சொன்னதுக்கா?"

நான்கு வருஷம் அந்தச் சரிவிலேயே முழங்கால் தேயக் களை பிடுங்கினாள். மன்னிப்பு கேட்கவேயில்லை.

1980-இல் அவளும் சூசைமுத்துவும் தோட்ட வேலையை விட்டு, காய்கறி விளையும் திரிங்காப் என்ற ஊரில் குத்தகை நிலம் எடுத்தார்கள். பக்கத்து நிலத்து நல்லுசாமியின் தக்காளிச் செடிகள் வாடிச் செத்தன. அதே மண்ணில் கத்தரி நடப் போனவரைத் தெரசம்மாள் தடுத்தாள். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை நான்கின் பூவையும் பறித்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். நான்கும் நட்சத்திரம் போல இருந்தன.

"எல்லாம் ஒரே வயித்துப் பிள்ளைங்க. ஒண்ணுக்கு வந்த நோய் மத்ததையும் பிடிக்கும். பீன்ஸ் போடுங்க."

"நீ என்ன பெரிய அதிகாரியா?"

"இல்லண்ணே. அதிகாரி வர்றதுக்கு முந்தியே பார்த்தவ."

அந்தப் போகம் நல்லுசாமி பீன்ஸ்தான் போட்டார்.