விபத்து என்றால் ரயில் கவிழ வேண்டும்

எழுபதுகளின் தொடக்கத்தில், சமூகப்பணிப் படிப்புக்காகத் தொழிலாளர் பாதுகாப்பைப் பற்றி ஆராய்ச்சி செய்ய விருத்தாசலத்துக்குப் போனேன். ஃபியூஸ் கட்டை செய்யும் ஒரு சின்ன பீங்கான் ஆலை. என்னிடம் நாற்பது கேள்விகள் இருந்தன. எல்லாம் நானே எழுதிய நல்ல தமிழ். அந்த வயதில் எனக்குத் தமிழ் விஷயத்தில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. மற்ற விஷயங்களில் நிறையவே உண்டு.

“பணியிடத்தில் தங்களுக்கு விபத்து ஏதும் நேர்ந்ததுண்டா?” என்பது ஏழாவது கேள்வி. மண் பிசைகிறவர்கள், சூளை அடுக்குகிறவர்கள், அச்சு அடிக்கிற பெண்கள் என்று மூன்று நாள் கேட்டேன். எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். “இல்லீங்க சார்.” நானும் இல்லை, இல்லை என்று எழுதித் தள்ளினேன். மானேஜருக்கு ஒரே குஷி. ‘விபத்தே இல்லாத ஆலை’ என்று வாசலில் போர்டு வைக்கப் பெயிண்டரிடம் சொல்லிவிட்டார்.

நாலாம் நாள், அச்சு மிஷினில் வேலை பார்த்த ஒரு அக்காவிடம் படிவத்தில் கைநாட்டு வாங்கப் போனேன். இடது கையை நீட்டினார். கட்டைவிரல் இருந்தது. பக்கத்து விரல்கள் இரண்டும் பாதியோடு நின்றிருந்தன.

“என்னக்கா இது? விபத்தே நடக்கலைன்னு சொன்னீங்களே?”

“விபத்துன்னா ரயிலு கவுறது, பஸ்ஸு மோதுறது. இது மிஷினு கடிச்சதுங்க,” என்றார்.

மண் தூளை அச்சில் கொட்டி விரலால் நிரவ வேண்டும். பெடலை மிதித்தால் மேலிருந்து இரும்பு இறங்கி அழுத்தும். அவருடைய மிஷினில் ஸ்பிரிங் தேய்ந்துபோய், சில சமயம் மிதிக்காமலேயே இறங்கிவிடும். முன்னால் ஒரு கம்பித் தடுப்பு வைத்துத் தரச்சொல்லி மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தார். தடுப்பு வைத்தால் வேலை மந்தமாகிவிடும் என்பது மானேஜரின் பதில்.

“மிச்ச வெரலும் போச்சுன்னா வேலைக்கு வராதேன்னுடுவாங்க சார். வூட்டுல ரெண்டு பொண்ணுங்க இருக்குது,” என்றார் அக்கா.

எனக்கு ஆத்திரம் வந்தது. மானேஜர் மேல் பாதி, என் ஏழாவது கேள்வி மேல் பாதி. மறுநாள் “மிஷின் கடிச்சுதா?” என்று கேட்டேன். கோயிலில் உண்டைக்கட்டி வாங்குவது போல எல்லோரும் கையை நீட்டினார்கள். நகம் பெயர்ந்த கை, சதை பிய்ந்த கை, கோணிப்போன விரல். ‘காயத்தின் வகை’ என்ற இடத்தில் அவசர அவசரமாகக் ‘கடி’, ‘கடி’ என்று எழுதி, படிவங்களைக் கட்டாக மானேஜர் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். அன்றைக்கு என் மூளை லீவு.

சூளையின் கதகதப்புக்கு ஆலைக்குள் ஏழெட்டு நாய்கள் படுத்திருக்கும். மானேஜர் படிவங்களைப் புரட்டினார், ஜன்னல் வழியாக நாய்களைப் பார்த்தார், முடிவுக்கு வந்துவிட்டார். நல்ல மனிதர்தான். தொழிலாளர் நலன் என்றால் தனக்கு உயிர் என்று அடிக்கடி சொல்வார். சாயங்காலத்துக்குள் நாய்களை விரட்டியாயிற்று. மறுநாள் காலையில் ஒரு கம்பவுண்டர் வந்து இறங்கினார். கடிபட்ட அத்தனை பேருக்கும் தொப்புளைச் சுற்றிப் பதினாலு நாய்க்கடி ஊசி, செலவு முழுவதும் ஆலையுடையது என்று அறிவித்தார்கள்.

பத்தே நிமிடத்தில் ஆலையில் கடிபட்டவர் ஒருவரும் இல்லை. “எங்கள ஒண்ணும் கடிக்கலீங்க, இந்த சாரு தப்பா எழுதிக்கிட்டாரு,” என்று என்னைக் கைகாட்டிவிட்டு நழுவினார்கள். கடித்தது நாயில்லை, மிஷின் என்று மானேஜரிடம் விளக்கினேன்.

“மிஷின் எப்படிங்க கடிக்கும்? படிச்சவர் பேசற பேச்சா இது?” என்றார்.

அக்கா மட்டும் நழுவவில்லை. “சார், எனக்குக் கட்டை சரியா வரமாட்டேங்குது. ஒரு தபா நீங்க அடிச்சுக் காட்டுங்க,” என்று மானேஜரைத் தன் ஸ்டூலில் உட்காரவைத்தார். நாலு பேர் பார்க்க வேலை தெரிந்தவராக உட்காருவதில் அவருக்கும் சந்தோஷம்தான். தூளைக் கொட்டினார், நிரவினார். பெடலில் கால் படவே இல்லை, இரும்பு இறங்கியது. அக்கா சட்டென்று அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தார். கை தப்பியது. முழுக்கைச் சட்டையின் நுனி மட்டும் பொத்தானோடு அச்சுக்குள் போய்விட்டது.

மானேஜர் வெளுத்துப்போய் நின்றார். “பெரிய விபத்துங்க இது. எழுதிக்குங்க,” என்றார் என்னிடம். எழுதிக்கொண்டேன். என் ஆய்வில் விபத்து என்று பதிவானது அந்தச் சட்டைக் கை ஒன்றுதான்.

அந்த வாரமே எல்லா அச்சு மிஷின்களுக்கும் கம்பித் தடுப்பு வந்தது. ஊருக்குக் கிளம்பும்போது அக்காவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன்.

“மானேஜர் கை நசுங்கியிருந்தா என்னக்கா பண்ணியிருப்பீங்க?”

“அதான் முழங்கைகிட்டயே நின்னுக்கினு இருந்தேனே சார். எனக்கு அப்படி நிக்க ஆளு இல்லாமப் போச்சு.”

அறிக்கையில், ‘ஆய்வாளரின் பரிந்துரையின் பேரில் தடுப்புகள் பொருத்தப்பட்டன’ என்று எழுதினேன். பேராசிரியர் அந்த வரியின் கீழ் கோடு போட்டுப் பாராட்டினார். முதல் வகுப்பும் கிடைத்தது. இப்போது நினைத்தாலும் வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அன்றைக்கு அந்த வரியை நான் அடித்து நீக்கவில்லை.