தொட்டித் தண்ணீரும் இரண்டு சுவர்களும்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தாவரவியல் படித்துவிட்டு ஓசூர் கம்பெனியில் நாள் முழுக்க நின்றபடி செல்போன் மூடிக்குத் திருகாணி போடுகிறவளுக்கு வேறு என்ன வரும்?

லீவு கிடைத்தால் தேன்கனிக்கோட்டை பக்கம் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போவேன். நிலத்தைப் பார்த்துக்கொள்வது அக்காதான். மாமா பகலெல்லாம் லோடு வண்டி ஓட்டப் போய்விடுவார். தக்காளி போட்டிருந்த சமயத்தில் புது வீடும் கட்டிக்கொண்டிருந்தார்கள். “இந்தத் தக்காளியும் கவுத்துட்டுதுன்னா நானும் உன்ன மாதிரி கம்பெனி வண்டி ஏற வேண்டியதுதான்டீ” என்றாள் அக்கா போனில். ‘உன்ன மாதிரி’ என்றது சுருக்கென்று தைத்தது. ஆனாலும் அவளை அந்த வண்டியில் நினைத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

போய்ப் பார்த்தேன். மேலே பார்த்தால் பளபளவென்று நல்ல காய். திருப்பினால் அடி குழிந்து கறுத்திருந்தது. மாமா ஏற்கெனவே மருந்துக் கடையில் ஒரு டப்பா வாங்கி அடித்திருந்தார். எங்கள் பக்கத்தில் உரம், விஷம், சத்து எல்லாவற்றுக்கும் பெயர் மருந்துதான். மருந்து விற்க வேண்டுமென்றால் நோய் இருந்தாக வேண்டும். கடைக்காரர் ஒரு நோயைச் சொல்லியிருந்தார்.

“இது நோயில்ல மாமா. உள்ள செவுரு நிக்கல” என்றேன்.

“தக்காளிக்கு ஏதும்மா செவுரு?” என்று சிரித்தார். சிரித்ததோடு விட்டாரா? கடைக்காரருக்குப் போன் போட்டு, தெலுங்கில் அதைச் சொல்லி இன்னொரு தரம் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினேன். செடிக்கு எலும்பு கிடையாது. அதன் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் ஒரு சுவர் இருக்கிறது. உள்ளே நிறைந்த தண்ணீர் வெளியே முட்டுகிறது, சுவர் அதை இழுத்துப் பிடிக்கிறது. அந்த இழுபறியில்தான் இலை விறைத்து நிற்கிறது, காய் கெட்டியாக இருக்கிறது. சுவரில் செல்லுலோஸ் இழைகள்தான் கம்பி. இடையில் நிரவியிருக்கும் பெக்டின் கலவை மாதிரி. ஒரு செல்லை அடுத்த செல்லோடு ஒட்டவைப்பதும் அதுதான். அந்தக் கலவையை இறுக்குவது கால்சியம், நம் சுண்ணாம்பில் இருக்கிற அதே சத்து. அது மண்ணிலிருந்து தண்ணீரோடுதான் மேலே ஏறும். இலைகள் முந்திக்கொள்ளும், காயின் அடிக்குக் கடைசிப் பங்குதான். தண்ணீர் காய்ந்து காய்ந்து பாய்ந்தால் அந்தப் பங்கும் போய்விடும். சுவர் இளகும், செல்கள் உடைந்து சாகும், அடி கறுக்கும்.

“மண்ணுல சத்து இருக்குது மாமா. தண்ணிதான் ஒழுங்கா வரல.”

அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று திரும்பிப் பார்த்தேன். புது வீட்டுச் சுவரில் வழிந்துகொண்டிருந்தது. பூசின சுவர் இறுகும்வரை காலையும் மாலையும் நனைக்கச் சொல்லியிருந்தார் மேஸ்திரி. மூன்று பேஸ் கரண்ட் வருகிற நேரத்தில் போர் மோட்டார் நிரப்புவது ஒரே தொட்டி. அதில் வீட்டுச் சுவருக்குத் தினமும் இரண்டு வேளை. தோட்டத்துக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் வெள்ளமாக.

“அந்தச் செவுத்துக்குத் தண்ணி காட்டலன்னா வெடிச்சிரும்னு தெரியுது இல்ல? இதுவும் அதே கதைதான்” என்று கத்திவிட்டேன்.

“படிச்சா மட்டும் பத்தாது பாப்பா, காட்டுல எறங்கிப் பாக்கணும்” என்றவர், அடுத்த மருந்து வாங்க வண்டியை எடுத்தார். காட்டில் தினமும் இறங்குகிற அக்கா பக்கத்திலேயே நின்றாள். ஓஸ் பைப்பைப் பிடித்து வீட்டுச் சுவரை நனைத்துக்கொண்டே இருந்தாள். அவள் மேலும்தான் கோபம். சாப்பிடாமலே பஸ் ஏறினேன்.

அடுத்த தடவை போனபோது அக்கா தக்காளி பறித்துக்கொண்டிருந்தாள். கறுத்த காய்களெல்லாம் வரப்போரம் கிடந்தன. அதற்குப் பிறகு பிடித்த காய்களின் அடி சுத்தமாக இருந்தது. அழுத்தினால் விரலைத் திருப்பித் தள்ளியது. கம்பெனி வண்டி தப்பித்தது என்று நினைத்தேன்.

“பாத்தியா பாப்பா, ரெண்டாவது மருந்து எப்பிடிக் கேட்டுதுன்னு” என்றார் மாமா. அதே சூட்டில் புது வீட்டுக்குள் போய் மேஸ்திரியைப் போனில் பிடித்துத் திட்ட ஆரம்பித்தார். சுவர் முழுக்க மெல்லிய வெடிப்புகள் ஓடியிருந்தன. சிமெண்டைக் குறைத்துவிட்டாய் என்று அவர் போட்ட சத்தம் தோட்டம்வரை கேட்டது.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் குனிந்த தலை நிமிராமல் பறித்துக்கொண்டிருந்தாள்.

“உங்க மாமா வண்டி கெளம்புனதும் ஓஸ் பைப்ப இந்தப் பக்கம் திருப்பிட்டேன். தெனமும் கொஞ்சம் கொஞ்சமா” என்றாள்.

“அத அவருகிட்ட சொல்லித் தொலையேன்க்கா. பேரு கடைக்காரனுக்கு, திட்டு மேஸ்திரிக்கு. உனக்கு என்ன?” கோபத்தில் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

அக்கா கூடையைத் தூக்கி என் இடுப்பில் வைத்தாள்.

“கத்தாத. இருக்கற தண்ணி ரெண்டு செவுத்துக்கும் பத்தாதுடீ. சோறு போடற செவுத்துக்கு ஊத்துனேன்.”