டெக்குக்குக் கீழே ஒரு குடித்தனக்காரி

கனடாவின் பிக்கரிங்கில் மக்டலீனைப் போல நித்திரை கொள்ள ஆள் கிடையாது. அதில் முக்கால்வாசி நடிப்பு. முதியோர் இல்லத்தில் பத்து மணிநேரம் மாரடித்துவிட்டு வந்து சோபாவில் சாய்ந்தாளென்றால், "பூசைக்கு வாறியோ?", "தேத்தண்ணி இருக்கோ?" எல்லாவற்றுக்கும் மூடிய கண்தான் பதில். புருஷன் றெமிஜியஸ் அதை முப்பது வருடமாக நம்புகிறான் என்று அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

அன்று சித்திரை மாதத்துச் சனிக்கிழமை. குப்பைத் தொட்டியை ஏதோ கிண்டுகிறது என்று றெமிஜியஸ் வீட்டின் பின்பக்க டெக்கை, அந்த மரத்தளத்தைச் சுற்றிக் கம்பிவலை அடித்துக்கொண்டிருந்தான். ஒரு பக்கம்தான் பாக்கி. டெக்குக்கு அடியிலிருந்து பூனை அளவில், வெள்ளை மூஞ்சியும் எலி வாலுமாக ஒன்று வந்தது. சுத்தியலைப் பார்த்தது. அப்படியே சரிந்து விழுந்து, வாயைப் பிளந்து, நாறவும் தொடங்கியது.

"இஞ்ச ஓடி வா! நான் தொடேல்லை, சத்தியமா தொடேல்லை!"

மக்டலீன் குனிந்து பார்த்தாள். எத்தனையோ கிழவர்களின் கண்ணை மூடிவிட்ட கை அவளுடையது.

"ஒப்பசம், இஞ்சத்தைக் காட்டுச் சீவன். முடிஞ்சுது. பாவம், காது நுனியைக் குளிர் திண்டிட்டுது."

அவன் குழி வெட்டினான். அவள் பனிச் சப்பாத்துப் பெட்டியும் தீர்த்தமும் கொண்டுவந்து, மரித்தோருக்கான செபத்தை ஒரு வரி விடாமல் சொன்னாள். தூக்கும்போது அதன் வயிறு அசைந்தது. வயிற்றில் ஒரு பை. பைக்குள் அவரைக்கொட்டை அளவில் எட்டோ ஒன்பதோ குஞ்சுகள், முலையை விடாமல்.

"குழியை மூடுங்கோ!"

"இன்னும் வைக்கவே இல்லையேயப்பா!"

"கத்தாதேங்கோ. இவள் சாகேல்லை, பயத்திலை செத்தமாதிரிக் கிடக்கிறாள். நாங்கள் நிண்டால் எழும்பமாட்டாள்."

சொன்னாளே தவிர, அவளுக்கே நிச்சயமில்லை. தாய் போனால் குஞ்சுகளும் போய்விடும். இருவரும் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்றார்கள். தேத்தண்ணி இரண்டு தரம் ஆறியது.

முதலில் ஒரு காது ஆடியது. பிறகு அந்தத் தாய் எழுந்து, பஸ்ஸைத் தவறவிட்டவள் போல அங்குமிங்கும் பார்த்து, அடைக்காத பக்கத்தால் உள்ளே போனாள்.

"உன்ரை செபம் வேலை செய்யுது போலை," என்றான் றெமிஜியஸ். "சரி, உது இரவைக்கு வெளிய போனவுடனை அடைச்சிடுறன். என்ன?"

திரும்பிப் பார்த்தால், மக்டலீன் சோபாவில். கண் மூடியிருந்தது.

அவன் போர்வையை எடுத்து அவள் காலில் போட்டான்.

"காது ஆடுதப்பா," என்றான் மெல்ல.

அவள் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில், வெளியே கம்பிவலையின் ஆணிகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கப்படும் சத்தம் கேட்டது.