“நேத்துதான்” என்று சொன்னேன்

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்று வளர்த்தது மூன்று. சுவா சூ காங் அடுக்குமாடி வீட்டில், வேலைக்குப் போகும் அடுத்தவர்களின் பிள்ளைகளைப் பார்த்து வளர்த்தது ஆறு. என் கையில் ஒரு பிள்ளைக்கும் கொப்புளம்கூட வந்ததில்லை என்று மின்தூக்கியில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

கடைசியாக வளர்த்தவள் மேல்மாடிக்காரியின் மகள், நான்கு வயது. அம்மா வேலையாக ஒரு மாதம் வெளிநாடு போனபோது இரவும் பகலும் என்னோடுதான் இருந்தாள். ஒரு காலை தலை பின்னும்போது கழுத்தின் இரு பக்கமும் புடைத்திருந்தது. பொன்னுக்குவீங்கி என்று நானே முடிவுகட்டி, வழக்கப்படி என் தங்கச் சங்கிலியை அவள் கழுத்தில் போட்டேன். “வலிக்குதா?” என்றால் சிரித்தாள். வலிக்காத வீக்கம், அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அம்மா கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசும்போதெல்லாம் பிள்ளையின் கழுத்தில் துண்டைச் சுற்றிவிடுவேன். அவள் வருவதற்குள் வற்றிவிடும் என்ற மெத்தனம்.

வற்றவில்லை. அம்மா வந்தபோது நாவற்பழங்களை அடுக்கியதுபோல் இருந்தது.

“ஆன்ட்டி, எப்போலேர்ந்து இது?”

“நேத்துதான்.”

மருத்துவமனையிலும் அதையே சொன்னேன். டாக்டர் நிமிர்ந்தார். “ஒரே நாள்ல இவ்வளவா? அப்படின்னா வேகமா வளர்ற வியாதின்னு நான் யோசிக்கணும், இன்னைக்கே.”

பிள்ளை என் மடியில் உட்கார்ந்து சங்கிலியைக் கடித்துக்கொண்டிருந்தது. “இருபத்தஞ்சு நாள் ஆச்சு டாக்டர்,” என்றேன். அம்மா சங்கிலியைக் கழற்றி என் கையில் வைத்தாள். பிள்ளையின் சூடு அதில் இருந்தது.

கட்டியில் சிறு துண்டெடுத்துப் பார்த்தார்கள். பதில் வரும்வரை தண்ணீருக்கடியில் நடப்பதுபோல் நடந்தேன். “கேன்சர் இல்லம்மா,” என்றார் டாக்டர். “உடம்புல குப்பைய தின்னுற அணுக்கள் அளவுக்கு மீறி இந்தக் கட்டிங்கள்ல கூடிடுச்சு. ரொம்ப அபூர்வம். சில பிள்ளைங்களுக்குத் தானா அடங்கிடும். இவளுக்கு மூச்சுக்குழாய அமுக்குது, அதனால மருந்து.”

மறுவாரம் அம்மா மருந்துப் புட்டியோடு என் வாசலில் நின்றாள். “காலையில சாப்பிட்டப்புறம் கொடுங்க ஆன்ட்டி. மறந்துட்டா மறந்துட்டேன்னு சொல்லணும்.”

அந்த மருந்தில் பிள்ளையின் முகம் இட்லிபோல் உப்பியது. “பாட்டி, இன்னொரு தோசைலா!” என்று இந்த ஊர் ‘லா’ போட்டு, பசி தாங்காமல் ஓயாமல் கேட்பாள். மதியங்களில் அவள் தூங்க, கீழே ரயில் ஊர்ந்து போக, என் விரல்கள் அவள் கழுத்தில் இருக்கும். நாவற்பழம் கொண்டைக்கடலையாகி, உளுந்தாகி, ஒரு நாள் தேடியும் அகப்படவில்லை. தேடிக்கொண்டே நானும் தூங்கிப்போனேன்.

அவள் இப்போது உயர்நிலைப்பள்ளி. இதை எழுத எனக்கு ஒரு மாதம் பிடித்தது. அந்தப் பிள்ளை நீதான் பேத்தியே, இப்படி உட்கார்ந்து படித்துக் காட்டு. எழுத்துப்பிழையெல்லாம் திருத்திக்கொள். நான் பொய் சொன்ன இடத்தில் மட்டும் கைவைக்காதே. அதைச் சத்தமாகப் படி.