ஐந்நூறைத் தாண்டும்வரை வெறுங்கால்

செவ்வாய்க்கிழமை, காலை ஆறேகால். ஹனூரில் கொள்ளேகால் வண்டி ஏறினோம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். தூரமும் விலையும் அவள் சரிபார்த்தவை, மற்றதெல்லாம் நான் கண்ணால் பார்த்தவை. என்னைப் போலவே எச்.ஐ.வி. மாத்திரை சாப்பிடுகிற பெண்கள் சிலர், மைசூர் பெரிய டாக்டரிடம் அனுப்பினால் அங்கே என்ன செய்வார்களோ என்று பயந்து கிடக்கிறார்கள். போய்வந்தவள் சொன்னால் கொஞ்சம் தைரியம் வரும் என்றுதான் இதைச் சொல்கிறேன்.

கூட வந்தது என் வீட்டுக்காரரின் அக்கா பாப்பாத்தி. எங்கள் பக்கத்தில் மூத்த நாத்தியை நங்கை என்போம். வீட்டில் என் வியாதி தெரிந்தவர்கள் இரண்டே பேர், ஒன்று இந்த நங்கை, மற்றது இதை எழுதும் மருமகள். வீட்டுக்காரர் குண்டலுபேட்டை வழியாகக் கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டியவர். அங்கிருந்து தேங்காயோடு இதையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அழுது முடித்து ரொம்ப காலமாயிற்று. இப்போது தினமும் ஒரு மாத்திரை, அவ்வளவுதான்.

கொள்ளேகால் இருபத்தைந்து கிலோமீட்டர். அங்கிருந்து மைசூர் அறுபது சொச்சம். பெண்களுக்கு அரசு பஸ்ஸில் காசு கிடையாது, ஆதார் அட்டையைக் காட்டினால் போதும். சும்மா போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் அது ஒரு தனி சுகம். மூகூர் தாண்டியதும் எங்கள் பக்கத்தில் வெற்றிலைக் கூடையோடு ஒரு அம்மா உட்கார்ந்தாள்.

"மைசூருக்கு எதுக்குங்க?" என்றாள்.

"கண்ணு காட்டறதுக்குங்க" என்றேன்.

"கண்ணு நல்லாத்தானே இருக்குது? என்ற கூடையவே பாத்துட்டு வர்றீங்க."

நங்கை சிரித்துவிட்டாள். நான் வெற்றிலை இரண்டு வாங்கி வாயை அடைத்துக்கொண்டேன். நரசீபுரத்துப் பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது கீழே தண்ணீர் நிறைய ஓடியது. கொஞ்ச நேரத்தில் சாமுண்டி மலை தெரிந்தது. நான் மைசூர் பார்ப்பது இதுதான் முதல் தடவை. எங்கள் மாதேஸ்வர சாமி மாதப்பனின் மலையைவிடச் சின்னதாக இருக்கிறதே என்றேன். சாமி மலையை அளக்காதே என்று நங்கை அதட்டினாள்.

எதற்காகப் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மாத்திரை ஆரம்பித்து ரத்தத்தில் வைரஸ் அடங்கிவிட்டது. ஆனால் உடம்பின் காவல் அணுக்களை எண்ணிப் பார்க்கும் அந்தக் கவுண்டு மட்டும் நூற்றெண்பதிலேயே நின்றது. கூட ஆரம்பித்தவர்களுக்கெல்லாம் ஏறியது, எனக்கு ஏறவில்லை. ஐந்நூறு வந்தால் பயமில்லை என்று ஒருமுறை யாரோ சொன்னது மனதில் விழுந்துவிட்டது. மாதேஸ்வர மலைக்குப் போய், 'மாதப்பா, ஐந்நூறு தாண்டுகிறவரை காலில் செருப்புப் போடமாட்டேன்' என்று வேண்டிக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் அரிசியை விடுவார்கள், முடியை விடுவார்கள். நான் செருப்பை விட்டேன். இரண்டு வருஷம் முசுக்கொட்டைத் தோட்டத்து ஈர மண்ணில் வெறுங்காலோடுதான் பட்டுப்புழுவுக்குத் தழை பறித்தேன். வயிற்று எரிச்சல், அரிப்பு, கொஞ்சம் இளைப்பு எல்லாம் சேர்ந்துகொண்டதும், மாத்திரை கொடுக்கிற இடத்தில் மைசூருக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

பத்தரை மணிக்கு மைசூர். பஸ் நிலையத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ எண்பது ரூபாய். வழியில் அரண்மனையின் ஒரு மூலையைப் பார்த்தேன். அடுத்த திருப்பத்தில் ஒரு பட்டுக் கடை. அதைத்தான் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கள் வீட்டுப் பட்டுப்புழு கட்டிய கூடு அந்தச் சேலைகளில் ஏதாவது ஒன்றில் இருக்குமல்லவா?

"எறங்கிப் பாத்துட்டுப் போலாங்களா, நங்கை?"

"பாத்தா எடுக்கச் சொல்லுவ. எடுத்தா கட்டச் சொல்லுவ. எனக்கு ஆஸ்பத்திரியே போதும், உக்காரு அம்மிணி."

டாக்டரம்மா சின்ன வயது. விஜயநகரில் வீடு, மேலுக்கோட்டைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம் என்று நர்சு சொன்னாள். தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடிக்கிறாள். நான் கொண்டுபோன ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்ததும் மாத்திரையை மாற்றுவாள் என்று காத்திருந்தேன். அவள் ஓரிடத்தில் விரலை வைத்துக்கொண்டு என் காலைப் பார்த்தாள்.

"காலை மேலே வைங்கோம்மா. செருப்பை வெளியிலே விட்டுட்டேளா?"

"நான் போடறதில்லீங்க."

நங்கை முந்திக்கொண்டாள். "வேண்டுதலுங்க டாக்டரம்மா. கவுண்டு ஐந்நூறு ஆவற வரைக்கும் செருப்பத் தொடமாட்டாளாம். மாதப்பன் கூட்டல் கழித்தல் பாத்துட்டு உக்காந்திருக்கறாராட்டம்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. என் பாதத்தைக் கையில் எடுத்து விரல் இடுக்கெல்லாம் பார்த்தாள். என் காலை இதுவரை அப்படி யாரும் எடுத்துப் பார்த்ததில்லை. கூச்சத்தில் பாதம் தானாக இழுத்துக்கொண்டது.

"தோட்டத்து ஓரத்துல யாராவது வெளிக்குப் போவாளா?"

"கூலிக்கு வர்றவங்க எங்கீங்க போவாங்க? அங்கதான்."

"ஹௌதா, அப்படியா. புழுவைத் தாக்கறதுக்குன்னு ரத்தத்துல ஒரு அணு உண்டு. உங்களுக்கு அது எக்கச்சக்கமா இருக்கு. உள்ளே ஏதோ குடியிருக்குன்னு அர்த்தம். வெளிக்குப் போறதைக் கொண்டுவந்து குடுங்கோ. நாளைக்குச் சொல்றேன்."

அன்று மண்டி மொஹல்லாவில் ஒரு லாட்ஜில் தங்கினோம், வாடகை அறுநூறு. சந்துக்குள் ஸ்கூட்டர்கள் ஒன்றையொன்று உரசாமல் போகும் வித்தையை மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றாவது மோதும் என்று நினைத்தேன், மோதவில்லை. கீழே ஓட்டலில் செட் தோசை அறுபது ரூபாய். மூன்று தோசையும் பஞ்சு மாதிரி. ராகிக் களி தின்று பழகிய வயிற்றுக்கு அது காற்றைத் தின்றது போல இருந்தது, ஆனால் நல்ல காற்று.

புதன்கிழமை, பதினோரு மணி. என்னை லேபுக்குள் கூட்டிப் போனார்கள். அங்கிருந்த பையன் பெரிதாக்கிக் காட்டும் குழாயில் கண்ணை வைக்கச் சொல்லி, "நோடி அஜ்ஜி" என்றான், பாருங்க பாட்டி என்று. பார்த்தேன். வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒரு புழு நெளிந்தது. உடம்பைச் சுருட்டியது, நீட்டியது, மறுபடி சுருட்டியது. முட்டை பொரிந்த அன்று எங்கள் தட்டில் நெளியும் குஞ்சுப் புழு மாதிரியே இருந்தது.

"நங்கை, வந்து பாருங்க! எத்தன சுறுசுறுப்பு!"

"அது உன்ற வயித்துப் புழுவாமா. புள்ள பொறந்த மாதிரி கூப்புடறயே!"

பட்டுப்புழு வீட்டுக்குள் போகும்போது நாங்கள் வாசலிலேயே செருப்பை விடுவோம். சுண்ணாம்புத் தூளை மிதித்துவிட்டுத்தான் உள்ளே அடி வைப்போம். நம் காலால் புழுவுக்குச் சீக்கு வந்துவிடக்கூடாது. புழுவால் நம் காலுக்கு ஏதாவது வரும் என்று யோசித்ததே இல்லை.

டாக்டரம்மா உட்கார வைத்துச் சொன்னாள். "இது மண்ணுலேர்ந்து பாதத் தோல் வழியா ஏறும். ரத்தத்துல போய், நுரையீரலைத் தாண்டி, குடலுக்கு வரும். அங்கேயே குட்டி போட்டு வருஷக்கணக்கா இருக்கும். ஒடம்புல காவல் ஒரே மாதிரி இல்லம்மா. வைரஸுக்கு ஒரு கூட்டம், புழுவுக்கு வேற கூட்டம். புழு உள்ளயே இருந்தா ஒடம்பு எப்பவும் அந்தக் கூட்டத்தையே கூப்பிட்டுண்டிருக்கும். மத்த கூட்டம் களைச்சுப் போயிடும்."

"யானை எறங்கற மாதிரிங்களா?" என்றேன். எங்கள் ஊரில் காட்டோரம் யானை வந்தால் காவல் ஆட்கள் எல்லாரும் பட்டாசோடு அந்தப் பக்கம் ஓடுவார்கள். அதே நேரத்தில் இந்தப் பக்கம் பன்றி இறங்கிச் சோளத்தை உழுதுவிடும்.

"கிட்டத்தட்ட. ஆனா விடிஞ்சா யானை போயிடும். இது போகாது."

"புழு போனா கவுண்டு ஏறுங்களா?"

"ஏறலாம். எல்லாருக்கும் ஏறினதில்லே. நான் சத்தியம் பண்ணமாட்டேன். ஆனா காவல் குறைஞ்ச ஒடம்புல இதை அப்படியே விட்டா, பெருகி ஒடம்பு பூரா பரவலாம். உயிருக்கே ஆபத்து. அதுக்காகத்தான் இந்த மாத்திரை. வெறும் வயித்துல, இன்னிக்கும் நாளைக்கும். பழைய மாத்திரையை நிறுத்தவேண்டாம். கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி டெஸ்ட். இன்னொண்ணு, செருப்பு."

நான் காலை நாற்காலிக்கு அடியில் தள்ளினேன்.

"மாத்திரை புழுவை வெளியே தள்ளும். வெறுங்கால் திரும்பவும் உள்ளே விடும். அப்புறம் நான் என்ன பண்ணட்டும்?"

இதுதான் சிக்கல். கவுண்டு ஏறவில்லையென்று வெறுங்காலோடு நடந்தேன். அந்த வெறுங்கால்தான் புழுவை உள்ளே விட்டது. புழு இருக்கிறவரை கவுண்டு எப்படி ஏறும்? அதற்காகச் சாமியிடம் சொன்ன வார்த்தையை எடுத்துவிட முடியுமா? சொன்னது நான். கேட்டுக்கொண்டிருந்தது மாதப்பன்.

பகல் இரண்டு மணி. மண்டி மொஹல்லாவில் நங்கை என்னை ஒரு செருப்புக் கடைக்கு இழுத்துப் போனாள். கடைக்கார பாய் நான்கு ஜோடி எடுத்து வைத்தார். நான் படிக்குக் கீழேயே நின்றேன், ஏறவில்லை.

"போட்டுத்தான் பாருங்க அம்மா, தங்கம் மாதிரி இருக்கும்" என்றார் பாய்.

"முடியாதுங்க. வேண்டுதல்."

"உசுரு போனாப் பரவாயில்லயா?" நங்கையின் குரல் ஏறியது. "என்ற தம்பி ஒருத்தன் போனது பத்தாதா? நீயும் போவியா?"

பாய் கல்லாப்பெட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார். நங்கை குனிந்தாள். தன் காலிலிருந்த ரப்பர் செருப்பைக் கழற்றி என் பையில் திணித்தாள்.

"ஐந்நூறு வர்ற வரைக்கும் நான் நடக்கறேன். மாதப்பங்கிட்ட நான் பேசிக்கறேன். குடும்பத்துக் கடன யாரு தீத்தா என்ன?"

"உங்க கால்ல புழு ஏறுமே நங்கை!"

"எனக்குக் காவலுக்கு ஆளு இருக்குது. உனக்குத்தான் இல்ல."

"ஆளு இருந்தாலும் ஏறறது ஏறும். தோட்டத்துக்குள்ள நீங்க வெறுங்காலோட வந்தா நானும் கழட்டிடுவேன்."

நடுக்கடையில் சண்டை. கடைசியில் பாயே பேசி முடித்துவைத்தார். நங்கை வெறுங்காலோடு நடக்க வேண்டியது தார் ரோட்டிலும் சிமெண்டுத் தரையிலும் கோயில் படியிலும் மட்டும். தோட்டத்துக்கும் சேற்றுக்கும் அவளும் செருப்புப் போட வேண்டும். இதற்கு மாதப்பன் ஒத்துக்கொள்வானா என்று எனக்குத் தெரியாது. பாய் ஒத்துக்கொண்டார். இருநூற்றைம்பது ரூபாய்ச் செருப்பை இருநூறுக்குக் கொடுத்தார், நான் போட்டுக்கொண்டேன்.

மூன்றரை மணி பஸ். பஸ் நிலையம் வரை தார் கொதித்தது. நங்கை குதிகாலைத் தூக்கித் தூக்கி நடந்தாள். நிழல் தெரிந்த இடத்துக்கெல்லாம் ஓடினாள்.

"ஏம்புள்ள, அந்த ஐந்நூற நானூறுன்னு கொறைக்க முடியாதா?"

"நீங்கதான பேசிக்கறேன்னீங்க!"

ஜன்னலோரம் இந்த முறை அவளுக்குக் கொடுத்தேன். மைசூரில் இரண்டு நாள் பார்த்தேன், யாருடைய காலும் மண்ணைத் தொடவில்லை. சின்னக் குழந்தைக்குக்கூட பூட்ஸ். நாங்கள் மண்ணிலேயே பிறந்து, அதையே மிதித்து, அதிலிருந்தே சோறு தின்கிறோம். அந்த மண்ணுக்கும் எனக்கும் நடுவில் ஒரு செருப்புத் தோல் வேண்டும் என்று ஒரு டாக்டரம்மா சொல்லி நான் கேட்டுக்கொண்டேன். கவுண்டு ஏறுமா என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. புழு மட்டும் போகும்.

ஹனூரில் இறங்கும்போது இருட்டிவிட்டது. மழை பெய்து ஓய்ந்திருந்தது. ரோட்டிலிருந்து தோட்டத்துக்குத் திரும்பும் இடத்தில் நங்கை நின்று, என் பையைத் திறந்து, தன் செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டாள். நான் புதுச் செருப்போடு சேற்றில் காலை வைத்தேன். சில்லென்று இருக்கும் என்று பழக்கத்தில் பாதம் எதிர்பார்த்தது. ஒன்றும் தெரியவில்லை. இரண்டு பேரும் சப் சப்பென்று சத்தம் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம்.