விசுவமடுச் சந்தியில் ஒரு புளியங்கொட்டை

இந்த நாட்டில் தாடி நரைத்த ஆம்பிளையள் ஞாயிறு பின்னேரம் ஒரு மண்டபத்தில் கூடி, "நான் மந்திரவாதி", "நான் கோடாலி வைத்திருக்கும் குள்ளன்" என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஒருவரும் சிரிப்பதில்லை. ஊரிலிருந்து வாசிக்கிற நீங்கள் சிரிப்பீர்கள், நானும் சிரித்தவன்தான். என் கடைக்கு மிளகாய்த்தூள் வாங்க வரும் தபால்காரன் நீல்ஸ்தான் என்னையும் அங்கே கூட்டிப்போனான். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நடக்கிறார்கள். இருபது பக்கமுள்ள தாயக்கட்டையை உருட்டினால் தப்பினீர்களா இல்லையா என்று தெரியும். கதை நடத்துகிறவருக்கு நோர்வேக்காரர் ஸ்பில்லேதர் என்று சொல்வார்கள். இரண்டு கிழமை பார்த்தேன். நெருப்புக் கக்கும் பாம்பு, புதையல், திரும்பவும் நெருப்புக் கக்கும் பாம்பு. "இதைவிடத் திறமான கதை என்னட்டை இருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

சொன்னால் செய்கிறவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அக்கராயனில் இரண்டு ட்ரக்டருக்கு முதலாளியானவன். இங்கே மீன் தொழிற்சாலையில் மீன் தலை வெட்டத் தொடங்கி, இன்று சொந்தக் கடை. ஒரு ஆட்டம் கட்டுவதா பெரிய வேலை? சாமான் வந்த பெட்டிகளைப் பிரித்து, மேசை நீளத்துக்கு வரைபடம் கீறினேன்: அக்கராயன் குளம், முரசுமோட்டை வயல்வெளி, விசுவமடுச் சந்தி, முள்ளியவளை. ஆட்களுக்குப் புளியங்கொட்டை. சின்ன எண் விழுந்தால் ட்ரக்டர் சேற்றில் புதையும். ஒன்று விழுந்தால் பாம்பு. சனத்தையும் சாமானையும் கடல் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்தால் வெற்றி.

"புதையல் எங்கே?" என்று கேட்டாள் நீல்ஸின் மனைவி இங்ரிட்.

"ட்ரக்டர் பெட்டியிலை இருக்கு. கூரை ஓடும் கதவும்."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கதவைக் கேடயமாகப் பிடித்துச் சண்டை போடலாமா என்று நீல்ஸ் கேட்டான். எங்கள் சனம் யுத்தத்தில் இடம்பெயரும்போது வீட்டைக் கழற்றி ஏற்றிக்கொண்டு போனதை எந்தப் பாசையில் விளங்கப்படுத்துவது? போகிற இடத்தில் ஒரு கொட்டிலுக்காவது ஆகும். திரும்பி வந்தால் அதே வாசல் நிலையில் அதே கதவைப் பூட்டலாம். நாங்கள் அப்படிக் கழற்றிப் பூட்டியிருக்கிறோம். கடைசியாகக் கழற்றியது மட்டும் இன்னும் பூட்டப்படவில்லை.

திட்டத்தில் ஒரு இடம்தான் என்னை மறித்தது. கடைசியாக வெளிக்கிட்டபோது விசுவமடுவில் எங்கள் ட்ரக்டரின் பெல்ட் அறுந்தது. என் மகன் சுதனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. "அப்பா, எங்கையும் ஒரு பெல்ட் பாத்துக்கொண்டு வாறன்" என்று சைக்கிளில் போனான். வரவில்லை. இன்றுவரைக்கும் ஒரு சேதியும் இல்லை. ஆட்டத்திலும் ஒரு மகனை அப்படியே அனுப்பி வைத்தேன். நீல்ஸ் சரியாக அங்கேதான் விரலை வைத்தான்.

"இவன் எங்கே போனான்?"

"தெரியாது."

"ஆட்டக்காரருக்குத் தெரியக்கூடாது. ஸ்பில்லேதருக்குத் தெரிந்திருக்க வேணும்."

"எனக்கும் தெரியாது."

அவன் என் முதுகில் தட்டினான். "கெட்டிக்காரன் நீ! இப்படித்தான் வாயைத் திறக்கக்கூடாது."

அடுத்த நாள் கடையில் ஆளில்லாத நேரம், ஒரு மட்டையில் மூன்று விதமாக எழுதினேன். மகன் வேறு பாதையால் முள்ளியவளைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான். பிடிபட்டு எங்கோ உயிரோடு இருக்கிறான். மூன்றாவதை நீங்களே அறிவீர்கள். என் மனிசி கமலா பின்னால் நின்று வாசித்துவிட்டா.

"இஞ்சேருங்கோ, இதென்ன?"

"விளையாட்டுக்கு. ஏதாவது ஒண்டைத் தீர்மானிக்க வேணுமாம்."

"ஆர், நீங்களோ தீர்மானிக்கிறது?"

"நான்தானே நடத்திறனான்."

"ஓம், பெரிய ஆள்தான். ட்ரக்டர் ஓடினீங்கள், கடை நடத்திறீங்கள், இனி இதையும் நடத்துங்கோ." மட்டையில் விரலை வைத்தா. "மூண்டாவதை வெட்டுங்கோ."

வெட்டினேன்.

"மற்றதுகளையும் வெட்டுங்கோ. கண்ணாலை கண்டனீங்களோ?"

அவற்றையும் வெட்டினேன். "ஞாயிற்றுக்கிழமை நானும் வாறன்" என்றா.

தாய் என்ற புளியங்கொட்டையை அவா எடுத்தா. அக்கராயனிலிருந்து பகிடியும் சிரிப்புமாகத்தான் வெளிக்கிட்டோம். விசுவமடுவில் நீல்ஸ் பெரிய எண் உருட்டி, பெல்ட்டுக்குப் பதிலாகக் கயிறு கட்டி ட்ரக்டரை ஓட வைத்தான். மகன் வரவில்லை. செல் குண்டுச் சத்தம் கிட்ட வருகிறது என்று அறிவித்தேன். எல்லாரும் ஏறினார்கள். கமலாவின் கொட்டை மட்டும் சந்தியில்.

"ஏறும், கமலா."

"நீங்கள் போங்கோ. நான் நிக்கிறன்."

"செல் வருது."

"வரட்டும்."

அந்தக் கொட்டையைத் தூக்கி ட்ரக்டரில் வைக்கக் கை நீட்டினேன். நீல்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டான். ஸ்பில்லேதர் மழையைப் பெய்விக்கலாம், வெள்ளத்தைக் கொண்டுவரலாம், ஆட்டக்காரரின் காலைத் தொட ஏலாதாம். அதுதான் சட்டமாம். அன்றைக்கு உண்மையான சந்தியில் அப்படியொரு சட்டம் இருக்கவில்லை. அலறிக்கொண்டு நின்ற கமலாவை இரண்டு பேராகத் தூக்கித்தான் பெட்டியில் ஏற்றினோம்.

ஆட்டம் இன்னும் முடியவில்லை. மட்டைக்கு மேல் மட்டை ஒட்டி, வரைபடம் முள்ளியவளை தாண்டி, கடல் தாண்டி, இந்த ஊர்ப் பனி வரைக்கும் வந்துவிட்டது. இப்போது இரண்டு மேசை. ஞாயிறு தோறும் கமலாதான் எல்லாருக்கும் கோப்பி ஊற்றுகிறா. அவவின் முறை வரும்போது கேட்க வேண்டியது என் வேலை, கேட்கிறேன்: "தாய் என்ன செய்யிறா?" கையிலிருக்கும் கேத்திலைக் கீழே வைக்காமலே, எல்லாருக்கும் விளங்கட்டும் என்று இந்த நாட்டுப் பாசையிலேயே மறுமொழி சொல்கிறா: "யாய் வெந்தர்." காத்துக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். பிறகு என் கோப்பையையும் நிரப்பிவிட்டு, முதல் மேசைக்குப் போய், அந்தச் சந்திப் பக்கமாகக் கதிரையைப் போட்டு இருக்கிறா.