நாலாவது தண்ணி

புட்டியை ஆற்றில் முக்குகிறார், குலுக்குகிறார், கொட்டுகிறார். மறுபடி முக்கி, குலுக்கி, கொட்டுகிறார். மூன்றாம் முறையும் அப்படியே. கொட்டுவதெல்லாம் தனக்குப் பின்னால், தண்ணீர் இறங்கிப் போகும் பக்கமாகத்தான். "மூணு தடவையும் புட்டியோட பழைய கதைய கழுவுறேன். நாலாவது தண்ணிதான் சாட்சி" என்று சொல்லிக்கொண்டே நாலாவது தண்ணீரை விளிம்பு வரை நிரப்பி மூடுகிறார். சீட்டில் நேரத்தைப் பென்சிலால் எழுதுகிறார். பேனா எழுத்து ஈரத்தில் ஓடிவிடும்.

வட்டார மன்றத்தின் சுற்றுச்சூழல் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக, ஆற்று நீரை இப்படி மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்புவதுதான் அவருடைய வேலை. அவரைப் பற்றி எழுதுவதற்காகச் சில நாள் நானும் அவரோடு சுற்றினேன். வயது ஐம்பத்தொன்று. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். மூக்குக்கண்ணாடி ஆற்றில் விழாமலிருக்க அதைத் தூண்டில் நரம்பில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருப்பார். ஆற்றங்கரையில் இருக்கும் அட்டை ஆலைத் தொழிலாளர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் பாட்டிலம்மா. அது அவருக்குத் தெரியும். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்.

ஆலைக்குள் போனால் பச்சைத்தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். தன் பிளாஸ்க்கைத் திறந்து மேனேஜருக்கும் ஒரு கப் தேநீர் ஊற்றி நீட்டுவார். "நான் உங்ககிட்ட குடிச்சாத்தான் சார் தப்பு. நீங்க தாராளமா குடிங்க." மேனேஜர் ஒருநாளும் குடித்ததில்லை.

போன வருடம் ஒரு காலை, அவருடைய மேசையில் கருகிப்போன தக்காளி நாற்றுத் தட்டு ஒன்று வந்து உட்கார்ந்தது. கொண்டுவந்தவர் ஆலைக்குக் கீழே, ஆற்று வளைவில் நாற்றுப்பண்ணை நடத்தும் பெண். இரண்டு வருடத்தில் பதினோரு புகார் எழுதியிருந்தார். பதினொன்றுக்கும் மன்றத்திலிருந்து பதில் போயிருந்தது: அளவுகள் வரம்புக்குள் உள்ளன. பதினொன்றிலும் கையெழுத்து பாட்டிலம்மாவுடையது.

"உங்க தாள்ல எல்லாம் சரியாத்தான் இருக்கு மேடம்" என்றார் பண்ணைக்காரப் பெண். "என் நாத்துக்குத்தான் படிக்கத் தெரியல. செத்துப்போகுது."

பாட்டிலம்மா தட்டை ஜன்னலோரம் வைத்துவிட்டு, பதினோரு புகார்களையும் எடுத்துத் தேதிவாரியாகப் பரப்பினார். தான் மாதிரி எடுத்த நாட்களை எதிரே எழுதினார். ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய், காலை பத்து மணி. அது அவருக்குத் தெரிந்த அளவுக்கு ஆலைக்கும் தெரியும். பிறகு வானிலைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினார். பதினோரு புகார்களும் மழை பெய்து ஓரிரண்டு நாளில் எழுதப்பட்டவை. மழை நாளில் கரை வழுக்கும் என்பதால் யாரும் ஆற்றில் இறங்கக் கூடாது என்பது மன்றத்தின் நடைமுறை. அதுவும் ஆலைக்குத் தெரிந்திருந்தது.

முதலில் நடைமுறையை மாற்றக் கேட்டு மேலே எழுதினார். "வயசான காலத்துல எதுக்கும்மா வழுக்கி விழணும்?" என்றார் பிரிவுத் தலைவர். "வழுக்குனா எந்திரிச்சுக்கலாம் சார். அந்தப் பதினோரு கையெழுத்த எந்திரிக்க வைக்கிறதுதான் கஷ்டம்." அனுமதி வந்தது, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டுதான் இறங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க வேண்டியவர் வேன் ஓட்டுநர். "மீன் புடிக்கப் போறோம்னு வீட்ல சொல்லிட்டேன்" என்கிறார் அவர்.

முதல் மழையில் ஒன்றுமில்லை. இரண்டாவது மழையிலும் இல்லை, சளிதான் பிடித்தது. மூன்றாவது மழை ஒரு வியாழக்கிழமை மதியம் பிடித்துக்கொண்டது. மூன்று மணிக்கு, ஆலையின் கூரைத் தண்ணீருக்கென்று இருந்த பழைய குழாயில் பழுப்பு நுரை பொங்கி வந்தது. அந்தக் கொட்டும் மழையிலும் மூன்று முறை அலசித்தான் நாலாவதைப் பிடித்தார். எப்போதும்போல இரண்டு புட்டிகள். ஒன்று மன்றத்தின் ஆய்வுக்கூடத்துக்கு. இன்னொன்றை ஆலை வாசலில் கொடுத்து, "நீங்களும் டெஸ்ட் பண்ணிப் பாருங்க" என்றார்.

ஆய்வுக்கூடத்தின் முடிவு: கழிவின் அளவு வரம்பைப் போல ஒன்பது மடங்கு.

ஆலையின் கழிவுநீர்ப் பிரிவில் வியாழக்கிழமை மதிய ஷிப்ட் யாருடையது என்பது அவருக்கு யாரும் சொல்லாமலே தெரியும். கூடப்பிறந்த தம்பியுடையது. ஞாயிற்றுக்கிழமை தம்பியே வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"வால்வ திறந்தது நான்தான்க்கா. மழை வந்தா தொட்டிய காலி பண்ணிடுன்னு மேனேஜர் சொல்வாரு. நான் என்ன பண்ண முடியும்? நேரத்த மட்டும் கொஞ்சம் மாத்தி எழுதிடேன். ஆறு மணின்னு. அது வேற ஆளோட ஷிப்ட்."

"அந்த வேற ஆளுக்கும் ஒரு அக்கா இருப்பாள்ல?"

"ரெண்டு பிள்ளைங்கள வச்சிருக்கேன்க்கா."

"தெரியும். அதனாலதான் சொல்றேன். நீ திறந்தத நான் எழுதுறதுக்குள்ள நீயே எழுதிக் கொடு. யார் சொல்லித் திறந்தேன்னும் எழுது. நீயா எழுதுனா சாட்சி. நான் எழுதுனா குற்றவாளி."

தம்பி வாசலிலிருந்தே திரும்பிப் போய்விட்டார். அக்கா மறுநாள் அறிக்கை எழுத உட்கார்ந்தார். அதன் முதல் வரி: ஆலையின் கழிவுநீர்ப் பிரிவில் பணிபுரிபவர்களில் ஒருவர் என் உடன்பிறந்த தம்பி. விசாரணையை வேறொரு அதிகாரி நடத்த வேண்டும் என்பது இரண்டாவது வரி.

விசாரணை மன்றத்தின் பொதுக்கூடத்தில், ஊரார் முன்னிலையில் நடந்தது. பாட்டிலம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். "அது வெறும் மழைத்தண்ணிங்க. கூரையில விழுந்து வந்தது" என்றார் மேனேஜர். "எந்தக் கூரைங்க? எங்க வீட்டுக் கூரையில நுரை வரலையே" என்று பண்ணைக்காரப் பெண் கேட்டதும் கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கும் முன் நடு வரிசையிலிருந்து தம்பி எழுந்தார். கையில் இரண்டு பக்கக் கடிதம். மேனேஜர் பெயர் வந்த இடத்திலும் நிறுத்தாமல் படித்தார்.

பழைய குழாயைக் கான்கிரீட் போட்டு அடைக்க உத்தரவானது. தொட்டியைப் பெரிதாக்கினார்கள். ஆற்றின் அளவுகள் இப்போது தினமும் மன்றத்தின் வாசல் பலகையில் எழுதப்படுகின்றன. பாட்டிலம்மா தன் பதினோரு பதில்களின் நகலையும் எடுத்து, ஒவ்வொன்றின் கீழும் 'இந்தப் பதில் தவறு' என்று எழுதி, மறுபடி கையெழுத்திட்டு, நாற்றுப்பண்ணைக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார். "பதினொண்ணும் எண்ணிக்கோங்க" என்றாராம்.

தம்பியைப் பேக்கிங் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். தண்டனை என்று ஆலையும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஆனால் நாலு மாதமாக அக்காவின் போனை எடுப்பதில்லை.

அவரோடு நான் சுற்றிய கடைசி நாள், மதியம், வேன் ஆலை வாசலைக் கடந்தது. ஷிப்ட் முடிந்து, பஸ் நிறுத்தத்தின் பெஞ்சில் தம்பி தனியாக உட்கார்ந்திருந்தார். ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். "ஏத்திக்கலாமா மேடம்?"

"ஆலை ஆளு இந்த வண்டியில ஏறக்கூடாது."

"சரிங்க" என்று ஓட்டுநர் கியரை மாற்றினார்.

"நிறுத்துங்க. அவன் ஏறக்கூடாது. நான் இறங்கலாம்ல?"

இறங்கி, சாலையைக் கடந்து, பெஞ்சின் முன்னால் போய் நின்றார். தம்பி நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் இடத்தை அடைத்திருந்த சாப்பாட்டுப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.